தொடர்மாடியில் ஒரு முற்றம்

கிளிவெட்டியில் வீடென்று நாம் கூறுவது சுவரையும் கூரையையும் மட்டுமன்று. முற்றமும் வேலியும் வளவில் நிற்கும் வேம்பும் சேர்ந்ததே வீடு. வெயில் சுவரைச் சேருமுன் மரம் அதனைத் தடுக்கின்றது. இலைகள் விடும் நீராவி சூழ்ந்த காற்றைக் குளிர்விக்கின்றது.

தொழிலின் பொருட்டுக் கொழும்புப் புறம் சென்று தொடர்மாடியிற் குடியேறும் நம்மவர் இழப்பது அந்த வளவையே. நிலம் அருகிய நகரில் மாடிமேல் மாடி எழுப்புதல் தவிர்க்கவொண்ணாதது. ஆயின், வளவையும் உடன் மேலேற்ற இயலாதா?

இயலும் என்பதற்கு இராஜகிரியவிலுள்ள 'கிளியர்பொயின்ற்' தொடர்மாடி சான்றாகும். கட்டடக் கலைஞர் மில்ரோய் பெரேரா வகுத்த இக்கட்டடம் 46 மாடிகளையும் ஏறத்தாழ 186 மீற்றர் உயரத்தையும் உடையது. மாடிதோறும் செடிகொடிகளும் மரங்களும் வளரும் வெளித்தளங்கள் மனைகளைச் சூழ்ந்துள்ளன. அவை வெப்பத்தையும் தூசியையும் இரைச்சலையும் தணிக்கின்றன. பயன்படுத்திய நீர் தூய்மையாக்கப்பெற்று, சொட்டுச் சொட்டாக வேர்களை அடைகின்றது. மின்குளிரூட்டியின் தேவையும் குறைகின்றது.

இத்தகைய மனை செல்வர்க்கே எட்டுவதாயிருப்பது குறையே. ஆயினும் அதன் நெறி எளியது: நிழல், காற்று, தனக்கென ஒரு பிடி மண். கட்டடக் கலை பயிலும் நம் மாணவர் நாளை திருகோணமலையில் எளியோர்க்குத் தொடர்மாடி அமைப்பாராயின், கிளிவெட்டி முற்றத்தை மறவாதிருப்பாராக.