கிண்டில் செலக்ட்ல சேரலாமா, தங்கச்சி?

முதல் நாவலை முடிச்சுட்டே. அட்டைப்படமும் தயார். அமேசான் கிண்டில்ல அப்லோடு பண்ற பக்கத்துல "கேடிபி செலக்ட்"னு ஒரு கட்டம் இருக்கே, அதுல டிக் போடறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா தூக்கம் வரலைன்னு போன்ல சொன்னே. அவசரத்துல பதில் சொல்ல எனக்கு மனசு வரலை. அதான் உட்கார்ந்து எழுதறேன். உன்னை மாதிரி தொடர்கதை எழுதிட்டு மின்னூலுக்கு வர்ற மத்த பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

அந்த டிக்குக்கு அர்த்தம் இதுதான்: 90 நாளைக்கு உன் மின்னூல் அமேசானைத் தவிர வேற எங்கயும் இருக்கக்கூடாது. விலைக்கும் கூடாது, இலவசமாவும் கூடாது. உன் சொந்த வலைப்பூவுல கூட கூடாது. அதுக்குப் பதிலா உன் புத்தகம் கிண்டில் அன்லிமிடெட்டுக்குள்ள போகும். மாசச் சந்தா கட்டுற வாசகர்கள் தனியா காசு கொடுக்காம எடுத்துப் படிப்பாங்க, அவங்க படிச்ச பக்கத்துக்கு உனக்குப் பணம் வரும். இந்தக் கட்டு மின்னூலுக்கு மட்டும்தான். அச்சுப் புத்தகத்தை எந்தக் கடையிலயும் விக்கலாம். குரல் கொடுத்து யூடியூப்ல ஆடியோ நாவலா போடறதுக்கும் இது தடையில்லை. நிறைய பேர் இது தெரியாமலே பயந்து ஒதுங்கறாங்க.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம். கூச்சப்படாம பேசு, ராத்திரி கண்ணு முழிச்சு எழுதுனது நீ.

செலக்ட்ல சேர்ந்த புத்தகம் இந்தியாவுல வித்தா 70 சதவீத ராயல்டி கேக்கலாம். சேரலைன்னா இந்திய விற்பனைக்கு 35தான். அமெரிக்காவுல நடக்கிற விற்பனைக்கு இந்த நிபந்தனை இல்லை. அதனால அங்க எழுதி விக்கறவங்க சொல்ற அறிவுரையைப் படிச்சுட்டு அப்படியே நடக்காதே, அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற. 70 சதவீதத்துக்கு ஒரு விலை வரம்பு உண்டு. விலை போடற பக்கத்துலயே காட்டும், அதுக்குக் கீழ இறக்கிடாதே. அதோட ஃபைல் அளவைப் பார்த்து டெலிவரி கட்டணம்னு கொஞ்சம் பிடிப்பாங்க. வெறும் எழுத்து மட்டும் இருக்கிற நாவலுக்கு அது பெருசா தெரியாது. நடுநடுவுல படம் செருகினா உறைக்கும்.

உன் நாவலுக்கு 100 ரூபாய் விலைன்னு வை. நீ செலக்ட்ல இருக்கும்போது ஒருத்தர் வாங்கினா 70 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவா உன் கைக்கு வரும். வெளிய இருந்து வித்தா 35 ரூபாய். சந்தாக்காரர் ஒருத்தர் முழுசா படிச்சா? பக்கத்துக்கு என்ன விலைங்கிறது மாசாமாசம் மாறும், மாசம் முடிஞ்சப்புறம்தான் தெரியும். கணக்குக்கு 10 பைசான்னு வச்சுக்கோ. உன் நாவல் கிண்டில் கணக்குல 400 பக்கம் வந்தா 40 ரூபாய். ஆக, வெளிய நின்னு ஒரு பிரதி விக்கறதும், உள்ளே இருந்து ஒருத்தர் கடைசி வரைக்கும் படிக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வாங்குறதுக்குத் தயங்குறவங்களும் சும்மா எடுத்துப் பார்ப்பாங்கங்கிறது கூடுதல் லாபம்.

"கடைசி வரைக்கும்"னு சொன்னேன் பாரு, அதைக் கவனி. 2015 ஜூலைக்கு முன்னாடி, பத்து சதவீதம் புரட்டினாலே முழு இரவலுக்கான பணம் வந்துடும். அப்போ 30 பக்கக் குட்டிப் புத்தகம் போட்டவங்க சம்பாதிச்சாங்க. இப்போ படிச்ச பக்கத்துக்குத்தான் கூலி, அதுவும் ஒரு வாசகர் முதல் தடவை படிக்கிறதுக்கு மட்டும். மூணாவது அத்தியாயத்துல வாசகி மூடி வச்சுட்டா உன் வருமானமும் அங்கேயே நின்னுடும். அதனால செலக்டைப் பத்தி யோசிக்கிற நேரத்துல பாதியை முதல் அஞ்சு அத்தியாயத்தைத் திருத்தறதுக்குக் கொடு.

தமிழ்ல சந்தா வாசகர்கள் யாருன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா எனக்கு மெசேஜ் போடறவங்க அவங்கதான். குழந்தையைத் தூங்க வச்சுட்டு போன் வெளிச்சத்துல படிக்கிறவங்க, ஆபீஸ் பஸ்ல படிக்கிறவங்க. ஒரே நேரத்துல 20 புத்தகம் வரை எடுத்து வச்சுக்கலாம்ங்கிறதால குடும்ப நாவலா அடுக்கி வச்சிருப்பாங்க. புதுப் பேரைப் பார்த்து 100 ரூபாய் கொடுக்க யோசிப்பாங்க. ஆனா சந்தாவுல இருந்தா தயங்காம எடுப்பாங்க. அப்படி எடுக்கறதும் விற்பனை வரிசையில உன்னை மேல ஏத்தும். உன்னோடது குடும்ப நாவல், அதுவும் முதல் நாவல். என் முடிவு இதுதான்: ஒரே ஒரு தவணை, 90 நாளைக்கு, சேர்ந்து பாரு.

ஆனா டிக் போடறதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கணும். இதைச் செய்யாம மாட்டிக்கிட்டவ நான்.

என் ரெண்டாவது நாவல் ஒரு தளத்துல 42 அத்தியாயம் தொடரா வந்தது. கிண்டில்ல போடும்போது "எல்லாத்தையும் எடுத்துட்டேன்"னு நினைச்சேன். முகநூல் குழு ஒண்ணுல எட்டு அத்தியாயம் போட்டிருந்தது சுத்தமா மறந்தே போச்சு. எச்சரிக்கை மெயில் வந்த அன்னிக்கு எனக்குக் கையெல்லாம் நடுங்கிச்சு. ராத்திரி முழுக்க ஒவ்வொரு பதிவா தேடி அழிச்சேன். கணக்கே முடங்கிப் போயிருக்கலாம், அப்படிப் போயிருந்தா மத்த நாவல்களும் சேர்ந்தே போயிருக்கும். நீ அப்படி விட்டுடாதே. கதையில வர்ற ஒரு தனித்துவமான வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடு. ஆரம்பம், நடு, முடிவு மூணுலயும் ஒவ்வொரு வரி. பிரதிலிபி மாதிரி தொடர்கதைத் தளம், வாட்ஸ்அப் குழு, டெலிகிராம், பழைய வலைப்பூ எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒவ்வொண்ணா அடி. மாதிரிக்கு மொத்தக் கதையில 10 சதவீதம் வரைக்கும் வெளிய வைக்கலாம். 40 அத்தியாயம்னா முதல் நாலை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடு. தோழிகளுக்குப் பிடிஎஃப் அனுப்பற பழக்கத்தையும் நிறுத்து. பிழை பார்க்கிறவங்களுக்கு மட்டும் கொடு.

தொடரா வந்த தளத்துல கதை போடும்போது நீ ஒத்துக்கிட்ட விதிமுறைகளையும் திறந்து படி. எடுக்க முடியுமா, எவ்வளவு நாள் ஆகும்னு பாரு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு இருக்கிற இலவச மின்னூல் தளத்துல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல ஏற்கெனவே கொடுத்த புத்தகம்னா அதை செலக்ட் பக்கமே கொண்டுவராதே. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அது நல்ல காரியம், அப்படியே இருக்கட்டும்.

அச்சுப் பதிப்பகத்தோட பேசும்போதும் கவனம். ஒரு பதிப்பகம் என் நாவலை அச்சிட்டப்போ வாய்ப்பேச்சோட விட்டுட்டேன். ஆறு மாசம் கழிச்சு அவங்களே மின்னூலா இன்னொரு கடையில ஏத்தியிருந்தாங்க. "மின்னூல் உரிமை எழுத்தாளருக்கே"ன்னு ஒரு வரி எழுதி வாங்கியிருந்தா அந்தச் சண்டையே வந்திருக்காது. உனக்கு அந்த ஒரு வரி தாள்ல இருக்கணும்.

யாராவது திருட்டு பிடிஎஃப் போட்டா பதறாதே. தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடு, தளத்துக்குப் புகார் அனுப்பு, அனுப்பின மெயிலைப் பத்திரப்படுத்து. பின்னாடி கேள்வி வந்தா நீ போடலைன்னு காட்ட அதுதான் ஆதாரம்.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்த டிக் பொருந்தாது. உன் கவிதைத் தொகுப்பு 60 பக்கம். பக்கக் கணக்குல முழுசா படிச்சாலும் ஆறு ரூபாய்தான். சமையல் குறிப்பை யாரும் முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்க மாட்டாங்க, வேணும்கிற பக்கத்தை மட்டும் திறப்பாங்க. குழந்தைகளுக்கான படக்கதையும் அப்படித்தான், பக்கம் கம்மி, ஃபைல் கனம். இதையெல்லாம் கிண்டில்லயும் போடு, கூகுள் பிளே புக்ஸ்லயும் போடு, கோபோலயும் போடு. யாரும் உன்னைக் கட்டிப்போட மாட்டாங்க. கோபோவோட சந்தாத் திட்டம் கூட "எனக்கு மட்டும்தான்"னு கேக்கறதில்லை. கூகுள் பிளேக்கு ஒரு சௌகரியம் இருக்கு. ஊர்ல நம்ம சித்தி கையில ஆண்ட்ராய்டு போன்தான், பிளே ஸ்டோர் ஏற்கெனவே இருக்கு. லிங்க் அனுப்பினா யுபிஐல கட்டிட்டுப் படிச்சுடுவாங்க.

எல்லாக் கடையிலயும் விலை ஒண்ணா இருக்கட்டும். ஒரு இடத்துல குறைச்சா இன்னொரு இடத்துல பிரச்சினை வரும். பல கடையில போடறவங்களுக்குப் பொறுமை வேணும். முதல் மாசம் அஞ்சு பிரதி, ஆறு பிரதின்னுதான் நகரும். அதைப் பார்த்து மனசு விட்டுட்டு மறுபடி செலக்ட்டுக்கு ஓடறது, திரும்ப வெளிய வர்றதுன்னு குதிச்சா எந்தக் கடையிலயும் வாசகர் சேர மாட்டாங்க.

இன்னொண்ணு. கிண்டில் அன்லிமிடெட் எல்லா நாட்டுலயும் கிடைக்காது. உன் தொடருக்கு யாழ்ப்பாணத்துல இருந்தும் கோலாலம்பூர்ல இருந்தும் கருத்து போடற அக்காமார் இருக்காங்களே, எதுல படிக்கிறீங்கன்னு அவங்ககிட்ட நேரடியா கேளு. பாதிப் பேர் வெளிநாடுன்னா என் கணக்கு மாறும்.

செலக்ட்ல இருக்கும்போது 90 நாளுக்குள்ள அஞ்சு நாள் இலவசமா கொடுக்கலாம். அஞ்சையும் வெளியான வாரமே கொட்டிடாதே. ரெண்டாம் பாகம் வரும்போது முதல் பாகத்தை ரெண்டு நாள் இலவசமாக்கு. அதுதான் எனக்குப் பலன் கொடுத்தது.

டிக் போட்ட கையோட தானா புதுப்பிக்கிற வசதியை அணைச்சுடு. அது முதல்லயே ஆன்லதான் இருக்கும், அப்படியே விட்டா அடுத்த 90 நாளும் உள்ளேயே. நீ வெளிய வந்தாலும் ஏற்கெனவே இரவல் எடுத்தவங்க படிக்கிற பக்கத்துக்குப் பணம் வரும், அந்தக் கவலை வேண்டாம். காலண்டர்ல 80வது நாள்ல ஒரு வட்டம் போட்டு வை. அன்னிக்கு எத்தனை பிரதி வித்துச்சு, எத்தனை பக்கம் படிச்சாங்க, ரெண்டையும் எழுதிக்கிட்டு எனக்குப் போன் பண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஃப்ரீயாதான் இருப்பேன்.