பெட்டியின் பெயரும் உள்ளிருக்கும் மருந்தும்: களம்பூரின் இளம் மருந்தாளுநருக்கு

எடை குறைக்கும் ஊசிகளில் இன்று அதிகம் கேட்கப்படுபவை இரண்டு: செமாகுளுடைடு, டிர்செபடைடு. சாப்பிட்டதும் குடல் தானாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்வது செமாகுளுடைடு. அதோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது டிர்செபடைடு. இரண்டும் பசியைத் தணிக்கின்றன, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுகின்றன. வாரம் ஓர் ஊசி போதும். 68 வாரம் நடந்த ஸ்டெப்-1 ஆய்வில் செமாகுளுடைடு 2.4 மில்லிகிராம் பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. 72 வாரம் நடந்த சர்மவுண்ட்-1 ஆய்வில் டிர்செபடைடு 15 மில்லிகிராம் 20.9 சதவீதம் குறைத்தது.

இந்தத் துறையின் பழைய கணக்கு நல்லதாக இல்லை. ஃபென்ஃபுளுரமின் இதய வால்வைக் கெடுத்தது. ரிமோனபாண்ட் மனச்சோர்வைக் கொண்டுவந்தது. சிபுட்ரமின் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவது தெரிந்து 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மூன்றும் ஒரு காலத்தில் டாக்டர் சீட்டோடு முறையாக விற்கப்பட்டவைதான். தடைக்குப் பிறகும் சிபுட்ரமின் ‘மூலிகை’ என்ற பெயரில் வரும் ஸ்லிம்மிங் பவுடர்களுக்குள் ஒளிந்து வெளிநாட்டுச் சோதனைகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது. பழைய மருந்துகளில் தப்பிப் பிழைத்தது ஆர்லிஸ்டாட். அது கொழுப்பைச் செரிக்க விடாமல் மலத்தோடு வெளியேற்றும். எண்ணெய் கசிவைப் பொறுத்துக்கொள்பவருக்கு மலிவான ஜெனரிக்காகவே கிடைக்கும். பலன் மிதமானது.

ஆரணிக்குப் பக்கத்துக் களம்பூருக்கு எடை குறைக்கும் இந்த ஊசிகள் வருவதில் வியப்பில்லை. ஆரணிப் பட்டின் நெசவு, குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. அரிசி ஆலைகளின் ஊர் என்பதால் மூன்று வேளையும் தட்டில் சோறுதான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் கணக்கிட்டது. ஆரணி ரோடு நிலையத்தில் ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி.க்குப் போய் வருபவரின் சீட்டும், சென்னையில் பார்த்த டாக்டரின் சீட்டும் கடைசியில் உள்ளூர் மெடிக்கலின் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. கூடவே ஒரு கேள்வியும் வரும்: “கன்டென்ட் ஒண்ணுதானே, விலை குறைஞ்சது இருக்கா?” இதற்குச் சரியான பதில் சொல்ல பிராண்டு, ஜெனரிக், கலந்து தயாரித்தது என்ற மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். மூலக்கூறின் பெயர் மூன்றிலும் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு, அது எந்த அளவில் நோயாளியின் கைக்குப் போகிறது என்பவற்றில்தான் வேறுபாடு.

பிராண்டு என்பது மூல நிறுவனத்தின் சரக்கு. இங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் ஒரே மூலக்கூறை ஒரே நிறுவனம் பல பெயரில் விற்கிறது. நோவோ நார்டிஸ்க்கின் செமாகுளுடைடு, மாத்திரையாக ரைபெல்சஸ், நீரிழிவுக்கான ஊசியாக ஓசெம்பிக், எடைக்கான ஊசியாக வெகோவி. இந்தியாவில் ரைபெல்சஸ் 2022-இல் வந்தது. வெகோவி 2025 ஜூனிலும் ஓசெம்பிக் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தன. இங்கே ஓசெம்பிக்கின் படிகள் 1 மில்லிகிராமோடு நிற்கின்றன, வெகோவி 2.4 வரை போகிறது. அதனால் வெகோவி எழுதிய சீட்டுக்கு ஓசெம்பிக்கைக் கொடுப்பது, உள்ளே இருப்பது ஒன்றே என்றாலும், வேறு மருத்துவம். எம்க்யூரின் பொவிஸ்ட்ரா நோவோவின் அதே செமாகுளுடைடு, இரண்டாவது பெயர். சிப்லாவின் யுர்பீக் அதேபோல எலி லில்லியின் டிர்செபடைடு. இவற்றை ஜெனரிக் என்று சொல்லி விற்பது தவறு.

விலை இந்த வகையில் தொடக்கத்தில் மிரட்டியது. வெகோவியின் ஆரம்ப அளவு மாதம் ₹17,345-க்கு வந்து, ஐந்து மாதத்தில் ₹10,850-க்கு இறங்கியது. எலி லில்லி தன் டிர்செபடைடை விற்கும் பெயர் மௌன்ஜாரோ; 2025 மார்ச்சில் வந்தபோது அதன் 2.5 மில்லிகிராம் வயல் ஒன்று ₹3,500, மாதத்துக்கு நான்கு. கூலிக்கு நெய்யும் வீட்டுக்கு இவை எட்டாத தொகைகள். பட்டுக் கடை வைத்திருப்பவரே இரண்டு மாதம் வாங்கிவிட்டு யோசிப்பார்.

ஜெனரிக் என்பது காப்புரிமை முடிந்த பிறகு வருவது. செமாகுளுடைடுக்கான இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் 20-இல் முடிந்தது. அதற்கு முன்பே, காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துக்கு டெல்லி உயர்நீதிமன்றம் 2025 டிசம்பரில் வழிவிட்டிருந்தது. லிராகுளுடைடு என்ற தினசரி ஊசியில் ஜெனரிக்கின் வழியை கிளென்மார்க் 2024 ஜனவரியில் லிராஃபிட் மூலம் திறந்து வைத்தது. டிர்செபடைடு வேறு கதை. அதன் காப்புரிமை இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘மௌன்ஜாரோ ஜெனரிக்’ என்று ஒரு ஏஜென்ட் பையிலிருந்து எடுத்து வைத்தால், அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். அது வேறு நாட்டில் சட்டப்படி தயாரானதாகவே இருக்கலாம். இந்தியாவில் இறக்குமதிப் பதிவு இல்லாத மருந்தை விற்பது குற்றமே.

முறையாக அனுமதி பெற்ற ஜெனரிக்கைத் தாழ்வாகப் பேசுவதும் தவறு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தரும் ஜெனரிக்குகளால்தான் நடக்கின்றன. மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் அதே அடிப்படையில் ஓடுகின்றன. ஆனால் மெட்ஃபார்மின் மாத்திரைக்குப் பொருந்தும் எளிய கணக்கு செமாகுளுடைடுக்கு அப்படியே பொருந்தாது. இது 31 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. மூல நிறுவனம் இதை ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறது, வேறு சிலர் வேதியியல் முறையில் தொகுக்கிறார்கள். வழி மாறினால் கூட வரும் மாசுகளும் மாறும். அதைப் பரிசோதித்து அனுமதிப்பது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வேலை. பெட்டியில் உற்பத்தி உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா, சரக்கு பில்லோடு வந்ததா, அந்த ஸ்டாக்கிஸ்ட் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்று பார்ப்பது கடைக்காரரின் வேலை.

“கன்டென்ட் ஒண்ணுதானே” என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் பலருக்குத் தெரிவதில்லை. மருந்து விதிகள் 1945-இன் 65(11ஏ) பிரிவுப்படி, அட்டவணை எச் மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் உள்ளதாகவே இருந்தாலும் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மருந்தாளுநருக்கு மாற்றித் தரும் அதிகாரம் உண்டு, இங்கே இல்லை. எல்லா டாக்டர்களும் ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதியும் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே சீட்டில் வெறும் ‘செமாகுளுடைடு’ என்றிருந்தால் விலை குறைந்ததைக் காட்டலாம். பிராண்டு பெயர் எழுதியிருந்தால் எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சம்மதம் வாங்கி, சீட்டில் மாற்றி எழுதி வரச் சொல்வதுதான் வழி. ஜெனரிக்கில் வாங்கும் விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் இடையே இடைவெளி பெரிதாக இருப்பதால், மாற்றிக் கொடுக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது மருந்தாளுநருக்குத் தெரியாததல்ல. எந்தத் துறை நிபுணரின் சீட்டுக்கு விற்கலாம் என்ற எச்சரிக்கை பெட்டியில் அச்சிட்டிருந்தால், அதையும் சீட்டின் முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, கலந்து தயாரித்தது. ஒரு தலைமுறைக்கு முன் ஆரணிப் பக்கத்து டாக்டர் கிளினிக்குகளில் கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மிக்ஸ்சரும் இந்த வகைதான். ஒரு நோயாளிக்காக, ஒரு சீட்டுக்காக, பதிவு பெற்ற மருந்தாளுநர் கலப்பது சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்காவில் அது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அங்கே செமாகுளுடைடும் டிர்செபடைடும் தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த காலத்தில், கலவை மருந்தகங்கள் அவற்றை வயலில் அடைத்து மலிவாக விற்றன. 2024 டிசம்பரில் டிர்செபடைடின் தட்டுப்பாடும், 2025 பிப்ரவரியில் செமாகுளுடைடின் தட்டுப்பாடும் தீர்ந்ததாக எஃப்.டி.ஏ. அறிவித்ததும் அந்த வாசல் பெருமளவு மூடியது. அதற்குள் பாடங்கள் வெளிவந்துவிட்டன. சிலர் செமாகுளுடைடின் சோடியம், அசிடேட் உப்புகளைப் பயன்படுத்தினார்கள். அவை அனுமதி பெற்ற மருந்தின் மூலப்பொருள் அல்ல என்று எஃப்.டி.ஏ. எச்சரித்தது. வயலிலிருந்து தாங்களே உறிஞ்சிய நோயாளிகள் குறித்த அளவைப் போல 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு, வாந்தி நிற்காமல் மருத்துவமனைக்குப் போன செய்திகள் 2024 ஜூலையில் வந்தன.

இந்தியாவில் மருந்துக் கடையின் பின்னறையில் கிருமியற்ற ஊசி மருந்து தயாரிக்க வழியே இல்லை. அதற்கு உற்பத்தி உரிமமும் வடிகட்டிய காற்றுள்ள அறையும் வேண்டும். எனவே இங்கே ‘கலவை’ என்று வருவது பெரும்பாலும் இணையத்தில் விற்கும் உறைய வைத்து உலர்த்திய பொடி. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற லேபிளோடு, கூட ஒரு குப்பி தண்ணீரோடு கூரியரில் வரும். ஜிம்மில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வார். ரெட்டாட்ருடைடு என்று இன்னும் ஆய்வில் இருக்கும் மருந்தும் அதில் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு வந்து, எப்படிக் கரைப்பது என்று கடையில் கேட்பவருக்கு ஒரு ஊசிக்குழலைக்கூட விற்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

அளவுத் தவறு இந்தியாவில் இன்னும் எளிதாக நடக்கும், காரணம் இன்சுலின் ஊசிக்குழல். இங்கே இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன: சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் செமாகுளுடைடு உள்ள வயலை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப அளவான 0.25 மில்லிகிராமுக்கு 0.05 மில்லிலிட்டர் வேண்டும். 100 யூனிட் குழலில் அது 5-ஆம் கோடு. அதே 5-ஆம் கோடு வரை 40 யூனிட் குழலில் இழுத்தால் 0.125 மில்லிலிட்டர் வரும், இரண்டரை மடங்கு. ‘0.25’ என்பதை 25 யூனிட் என்று படித்தால் 100 யூனிட் குழலிலேயே ஐந்து மடங்கு. இந்த மருந்துகளுக்கு ‘யூனிட்’ என்ற அளவே கிடையாது, மில்லிகிராமும் மில்லிலிட்டரும்தான். வயலாக வரும் எந்தத் தயாரிப்புக்கும் மில்லிலிட்டர் கோடுள்ள குழலைக் கொடுத்து, எந்தக் கோடு என்று பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். மௌன்ஜாரோ வயல் எந்த வலிமையானாலும் 0.5 மில்லிலிட்டர், ஒரே டோஸ். அது தெரியாமல் மிச்சம் பிடித்து இரண்டு வாரத்துக்குப் பங்கிடுபவர்கள் உண்டு. பேனா ஊசியிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் திருகும் முறை மாறும். பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு டாக்டர் சம்மதத்தோடு மாறினாலும், பழைய பேனாவின் பழக்கத்தில் புதியதைத் திருக விடக் கூடாது.

சேமிப்பு விதி சுருக்கமானது. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகும் பையிலும், ஃபிரீசரை ஒட்டிய தட்டிலும், ஐஸ் கட்டிக்கு நேர் மேலேயும் அது கெடும். கரண்ட் போய் வந்த நாள்களில் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் நோட்டு கடையில் இல்லையென்றால், விலை எதுவானாலும் இந்த மருந்தை வாங்கி வைக்காமல் இருப்பது மேல்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில. கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் ஏற்கெனவே போகிறதா? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் சுகர் மாத்திரையை நோயாளி மருந்தென்றே எண்ணாமல் சொல்ல மறப்பார். கிளிமெபிரைடோ இன்சுலினோ இந்த ஊசியோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆடிக் கிருத்திகைக்கோ ரமலானுக்கோ விரதம் இருப்பவரா? பசியே இல்லாதவர் தண்ணீரும் குடிக்க மறந்தால் சிறுநீரகம் அடிபடும். கணையத்தில் அழற்சி வந்ததுண்டா, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா? இருந்தால் டாக்டருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்கும்போதும் அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு வேறு முறை தேவை. ரைபெல்சஸ் மாத்திரையைக் காலைக் காபிக்கு அரை மணி முன், வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்காவிட்டால் காசு வீண்.

முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வரும் மணப்பெண் வீட்டாருக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். 0.25-இல் தொடங்கி மாதத்துக்கு ஒரு படி ஏறினால் 2.4-ஐ எட்டவே 16 வாரம் ஆகும். படி தாண்டிக் கூட்டினால் வாந்திதான் மிஞ்சும். நிறுத்தினால் எடை திரும்பும். ஸ்டெப்-1 ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்கள் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே விலையை ஒரு பெட்டிக்குச் சொல்லாமல் ஓராண்டுக்குக் கூட்டிச் சொன்னால்தான் நோயாளி ஒழுங்காக முடிவெடுக்க முடியும். ஜெனரிக்கின் உண்மையான பயனும் அங்கேதான் இருக்கிறது: நடுவில் விடாமல் தொடர முடிவது.

பக்க விளைவு தெரிந்தால் பெயரும் பேட்ச் எண்ணும் குறித்து, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் பதிவு செய்யலாம். ஒரே மூலக்கூறுக்குப் பல பெயர்கள் சந்தையில் உள்ள நிலையில், பேட்ச் எண் இல்லாத புகாரை எந்தத் தயாரிப்பின் மீதும் வைக்க முடியாது. அதனால் பில்லில் பிராண்டு பெயரும் பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் தவறாமல் ஏற வேண்டும்.