கண்ணுக்குத் துணை: வழிகாட்டி நாயும் பார்வையற்ற ஓட்ட வீரரும்



நாம் குடியேறி வாழும் பாலக்காடும் இடுக்கியும் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவை. 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கி மலையில் பிறந்தவர். 2017, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்ற பி.யு. சித்ரா பாலக்காட்டு முண்டூரைச் சேர்ந்தவர். இவர்கள் கதையைத் தமிழ் வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "கண் தெரியாதவர்களால் ஓட முடியுமா?"

முடியும். எப்படி என்பதே இந்தப் பாடம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

வழிகாட்டி நாய் வந்த கதை

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைவீரர் பலர் பார்வை இழந்தனர். அவர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. இந்த முயற்சியைப் பற்றி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். உடனே அவர் அந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே சுவிட்சர்லாந்து சென்று, 'படி' என்ற பெண் நாயுடன் பயிற்சி பெற்று ஊர் திரும்பினார். நியூயார்க் துறைமுகத்தில் பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் நெருக்கியடித்த சாலை ஒன்றை அந்த நாயுடன் கடந்து காட்டினார். 1929 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி அவர்கள் முயற்சியால் பிறந்தது.

நாய் செய்வதும் செய்யாததும்

நாய் எஜமானரைக் கடைக்கு அழைத்துப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நாய்க்கு அவர் எங்கே போக நினைக்கிறார் என்பதே தெரியாது. வழியை மனத்தில் வைத்திருப்பவர் பார்வையற்றவர். "நேராகப் போ", "இடப்பக்கம் திரும்பு" என்று கட்டளை இடுபவரும் அவரே. நாயின் வேலை குழி, கம்பம், படி, தாழ்ந்து தொங்கும் கிளை முதலியவற்றில் அவர் மோதாமல் பார்த்துக்கொள்வது.

சாலை விளக்கின் நிறத்தையும் நாய் பார்ப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண் நாய்க்கு இல்லை. வண்டிகளின் ஓசையைக் காதால் அளந்து, "போகலாம்" என்று முடிவு செய்பவர் மனிதர். அப்போது ஒரு வண்டி சத்தமின்றி விரைந்து வந்தால் நாய் நகராமல் நின்றுவிடும். எத்தனை முறை சொன்னாலும் நகராது. கீழ்ப்படியத் தெரிந்த நாய்க்கு, எந்த இடத்தில் கீழ்ப்படியக் கூடாது என்பதையும் கற்றுத் தருகிறார்கள். பயிற்சியிலேயே கடினமான பகுதி இதுதான்.

நாயின் மார்பிலும் தோளிலும் பூட்டிய வாரிலிருந்து விறைப்பான கைப்பிடி ஒன்று எழும்பி நிற்கும். நாயின் சிறு அசைவும் அதன் வழியே அவர் கைக்கு எட்டிவிடும். வார் பூட்டியிருக்கும்வரை அது பணியில் இருக்கிறது. அந்த நேரத்தில் பிறர் அதைத் தடவிக் கொடுப்பதோ, பிஸ்கட் நீட்டுவதோ கூடாது. அதன் கவனம் ஒரு நொடி சிதறினாலும் விழப்போகிறவர் மனிதர் அல்லவா? வாரைக் கழற்றியதும் அதுவும் மற்ற நாய்களைப் போலத் துள்ளி விளையாடும்.

ஓடும் நாய்கள்

வழிகாட்டி நாய்களை நடைக்குத்தான் பழக்குவது வழக்கம். நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு பள்ளி, 2015 முதல் ஓட்டத்துக்கும் பழக்கத் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த தாமஸ் பானெக் இளமையில் பார்வையை இழந்தவர். ஓட்டத்தில் பெருவிருப்பம் உடையவர்.

2019 மார்ச் 17 அன்று நியூயார்க் அரை மாரத்தானில், அதாவது 21 கிலோமீட்டர் ஓட்டத்தில், அவர் ஓடினார். வாஃபிள், வெஸ்ட்லி, கஸ் என்ற மூன்று லாப்ரடார் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு வழிகாட்டின. ஒரே நாயை முழுத் தூரமும் ஓட வைத்து வருத்தக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கடைசிப் பகுதியை அவருடைய சொந்த வழிகாட்டி நாயான கஸ்ஸுடன் ஓடி முடித்தார். அந்த ஓட்டத்தோடு கஸ் பணி ஓய்வு பெற்றது.

பந்தயத் தடத்தில் மனிதத் துணை

பாராலிம்பிக் தடகளத்தில் நாய்க்கு இடமில்லை. அங்கே வழிகாட்டி ஒரு மனிதர். முழுப் பார்வையின்மை உள்ளோர் பிரிவில் ஓடும் ஒவ்வொருவரும் கண்களை மூடும் பட்டை அணிவர். எஞ்சியிருக்கும் சிறு பார்வையும் எவருக்கும் சாதகமாகிவிடக் கூடாது என்பதே காரணம். ஓடுபவர் கையையும் வழிகாட்டியின் கையையும் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும். வழிகாட்டி இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. முடிவுக் கோட்டை வீரரே முதலில் தொட வேண்டும். நாயைப் பற்றி மேலே படித்ததை இங்கே நினைவுகூருங்கள். இரண்டிலும் முறை ஒன்றே: ஓட்டம் பார்வையற்றவருடையது, துணை மட்டுமே மற்றவருடையது.

விதியின் கடுமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயின் நாட்டு எலேனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில அடிகளே இருந்தபோது அவருடைய வழிகாட்டி தசைப்பிடிப்பால் தடுமாறினார். அவர் விழாமல் தாங்க எலேனா கயிற்றை ஒரு கணம் விட்டார். அதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு வெண்கலத்தை இழந்தார். துணையாக வந்தவருக்கே துணையானதால் அன்று பறிபோன பதக்கம் அது.

நம் மலைத்தொடரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த ரக்‌ஷிதா ராஜு பார்வையற்றவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரை, காது கேளாத, வாய் பேசாத பாட்டி வளர்த்தார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் 1,500 மீட்டரில் அவர் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸிலும் ஓடினார். கயிற்றின் மறுமுனையில் ராகுல் பாலகிருஷ்ணா ஓடினார்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

இந்தியாவில் வழிகாட்டி நாய்கள் மிகவும் அரிது. பயிற்சிக்கு நெடுங்காலமும் பெரும் பொருளும் வேண்டும். நடைபாதை இல்லாத சாலையும் தெருநாய்க் கூட்டமும் பெரிய தடைகள். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். மூணாறு, பீருமேட்டு எஸ்டேட் பாதைகளிலோ சிறுத்தை பயம், யானை பயம். ஆகவே, கொழிஞ்சாம்பாறையிலோ தேவிகுளத்திலோ உள்ள நம் பிள்ளை ஒருவருக்கு நாளையே நாய் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் கயிறு கிடைக்கும். மறுமுனையைப் பிடிக்கத் தோழர்களும் கிடைப்பார்கள். பார்வை குறைந்த பிள்ளையை, விழுந்துவிடுமே என்ற பயத்தில் திண்ணையோடும் லயத்து வாசலோடும் நிறுத்திவிடும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பயம் பாசத்தால் வருவதுதான். ஆயினும் விளையாட வேண்டிய வயது உட்கார்ந்தே கழிந்துவிடுகிறது. அத்தகைய பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே: பிள்ளையை வாரம் ஒரு நாளாவது பள்ளி மைதானத்துக்கு அழைத்து வாருங்கள்.

துணை செல்வோருக்குச் சில குறிப்புகள்:

1. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பற்றிக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள்.
2. படி வந்தால் நின்று, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். "பார்த்து வா" என்பதால் பயனில்லை.
3. நடை பழகிய பிறகே ஓட்டம். சமதரையில் குட்டைக் கயிற்றைப் பிடித்து, அவர் வேகத்துக்கு நீங்கள் ஓடுங்கள். வளைவு வருமுன் சொல்லுங்கள்.
4. எங்கே போவது, எப்போது நிற்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.

சிந்திக்க

அ. எந்த நேரத்தில் வழிகாட்டி நாய் கட்டளையை மீற வேண்டும்? ஏன்?
ஆ. தாமஸ் பானெக் மூன்று நாய்களுடன் ஓடியது எதனால்?
இ. எலேனா கயிற்றை விட்டது சரியா? வீட்டில் விவாதித்துப் பத்து வரி தமிழில் எழுதுக.
ஈ. அம்மாவோ அப்பாவோ துணை வர, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பிறகு இடம் மாறுங்கள். எந்தச் சொல் உதவியது, எது குழப்பியது என்று குறித்து வைத்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.