கூடத்துக்கு பிரைம், பெரியகுளத்துக்கு ஜூம்

விளையாட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னதுமே கடைக்காரர் நீளமான ஜூம் லென்ஸைத்தான் எடுத்து வைப்பார். கொடைக்கானலில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் உள்ளரங்கில் நின்று எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடைப்பந்து ஆடுகளம் மொத்தமே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். எட்ட நின்று இழுத்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. அங்கே தட்டுப்பாடெல்லாம் வெளிச்சத்துக்குத்தான். மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பகல் மூன்று மணிக்கே ஜன்னல்கள் சாம்பல் பூத்துப்போகும். பிறகு கூரை விளக்கு கொடுப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

சாதாரணப் பள்ளி உள்ளரங்கு ஒன்றில் ஷட்டர் 1/500 நொடி, அபர்ச்சர் எஃப்/2.8 என்று வைத்தால் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படுகிறது என்று கொள்வோம். கேமராவோடு வரும் கிட் லென்ஸையோ 55-250 போன்ற ஜூமையோ முழுக்க நீட்டினால் அபர்ச்சர் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும். அதே படத்துக்கு இப்போது ஐஎஸ்ஓ 12,800 வேண்டும். முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் 1,250 அல்லது 1,600 போதும். எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. புது கேமரா பாடி வாங்கினாலும் இந்தப் பத்து மடங்கு வந்துவிடாது. அதனால்தான் கையில் இருக்கும் பணம் முதலில் லென்ஸுக்குப் போகட்டும் என்கிறேன்.

ஜூம் இல்லாத இத்தகைய லென்ஸைத்தான் பிரைம் என்கிறார்கள். எந்த பிரைம் லென்ஸ் என்பதை உங்கள் கேமராவின் சென்சார் முடிவுசெய்யும். கூடைக்குப் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓரமாகத் தரையில் உட்கார்ந்தால், ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும் வீரர் உங்களிடமிருந்து ஏழு, எட்டு மீட்டரில் இருப்பார். அந்தத் தூரத்தில் கிராப் சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் மூன்றரை மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். எம்பும் ஆளும் அவர் கையிலுள்ள பந்தும் சேர்ந்தே அடங்கிவிடும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு இதே வேலையை 85 மி.மீ. செய்யும். கிராப் கேமராவில் 85-ஐ மாட்டினால் கூடையடியில் கையோ காலோ வெட்டுப்படும். நடுக்களத்தில் பந்தைத் தட்டி வருபவரை எடுக்கத்தான் அது பொருந்தும். பேட்மிண்டனில் வலைக்கு அந்தப் பக்கம் ஆடுபவரைப் பிடிக்க அதுவே நல்லது.

எஃப்/1.8-இல் ஒரு சங்கடமும் உண்டு. ஃபுல் ஃபிரேமில் 85-ஐ முழுக்கத் திறந்து ஐந்து மீட்டரில் ஒருவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. பந்து தெளிவாக இருக்கும், கண் மங்கியிருக்கும். வெளிச்சம் இடம் கொடுத்தால் எஃப்/2.2 வரை மூடிக்கொள்ளுங்கள். ஃபோகஸைத் தொடர் முறையில், ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் தேடும்படி வைத்து, மார்புக்கு மேலே குறிவையுங்கள்.

காட் ரோட்டில் இறங்கிப் பெரியகுளம் போனால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதத்தில் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, மின்னொளியில் நடப்பது. கூரை இல்லாவிட்டாலும் சிக்கல் அதேதான்: விளக்கு வெளிச்சம், வேகமான ஆட்டம். கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தில் எழுந்து நகர முடியாது. கிடைத்த இடத்திலிருந்தே இரண்டு கூடைகளையும் பார்த்தாக வேண்டும். இங்கே 70-200 எஃப்/2.8-க்கு இணை இல்லை. புதிதாக வாங்கப் போனால் லட்சங்களில் பேசுவார்கள். ஆனால் கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் அது இருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வாடகைக்குக் கேளுங்கள். எஃப்/4 ஜூம் விலை குறைவு, எடையும் குறைவு. இரவு ஆட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கூடைப்பந்துக்கு 1/500 குறைந்தபட்சம். பேட்மிண்டன் ஸ்மாஷுக்கு 1/1000 வேண்டும். படத்தில் புள்ளி விழுந்தால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், அசைந்துபோன முகத்தை எதுவும் மீட்காது. கேமராவை மேனுவலில் வையுங்கள். வெள்ளை ஜெர்சியும் பளபளக்கும் தரையும் இருண்ட பின்னணியும் மாறி மாறி வந்தால் தானியங்கி அளவு குழம்பிவிடும். வெள்ளைத் தாள் ஒன்றை ஆடுகளத்து விளக்கின் கீழ் பிடித்து ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டால் டியூப் லைட்டின் பச்சை முகத்தில் ஏறாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுகிற பிள்ளையின் கண்ணில் அடிக்கும்.

அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிறியும் ஒன்று மஞ்சளாகவும் வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மெட்டல் ஹாலைடு விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 1/500 நொடி ஷட்டர் அந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ மட்டும் பிடிக்கும். கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்த ஆன்டி ஃபிளிக்கர் வசதி, விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கிறது. பிறகு வந்த பல கேமராக்களிலும் இது உண்டு. மெனுவில் தேடி இயக்கிவிடுங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை எல்இடி விளக்கின் கீழ் பயன்படுத்தினால் குறுக்கே பட்டை பட்டையாக விழக்கூடும்.

மலைக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. டிசம்பர் மாலையில் வெளியே குளிர்ந்துபோன லென்ஸை, ஆட்கள் நிறைந்து வெப்பமும் ஈரமுமாக இருக்கும் கூடத்துக்குள் திறந்தால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். பையின் ஜிப்பைத் திறக்காமலே அரை மணி நேரம் உள்ளே வைத்து, அந்தச் சூட்டுக்குப் பழகிய பிறகு வெளியே எடுங்கள். மேமாதக் குளிரிலிருந்து இறங்கிப் பெரியகுளத்து வெக்கையில் கேமராவைத் திறப்பவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சிக்கனமாகச் செலவுசெய்ய நினைக்கும் பெற்றோர் 50 எஃப்/1.8-ஐ வாங்கி, எல்லைக்கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எடுக்கட்டும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு 85. 70-200-ஐ வாடகைக்கு எடுத்தாலே போதும். வருடத்தில் சில இரவுகளுக்காக அதை வாங்கி வைக்கத் தேவையில்லை.