எடைக்கம்பியைத் தூக்கும் முன்

“எனக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளன, எடை தூக்கலாமா?” என்று எங்களிடம் பலர் கேட்கின்றனர். நோய் கட்டுப்பாட்டில் இருப்பின், பெரும்பாலோர் தூக்கலாம் என்பதே எங்கள் விடை. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உள்வாங்குவதில் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வயது ஏற ஏறத் தசை குறைகிறது. மாடிப்படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் கடினமாகின்றன. ஆகவே, வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆயினும், பார்பெல் எனப்படும் எடைக்கம்பியைக் கையாளும் முறையை முதலில் கற்க வேண்டும்.

வெறும் கம்பியும் எடையே

புதியவர்கள் பலர் தட்டுகளின் எடையை மட்டுமே கணக்கிடுகின்றனர். ஆண்களுக்கான போட்டிக் கம்பி 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. 20 கிலோ கம்பியின் இருபுறமும் 5 கிலோ தட்டுகளை மாட்டினால், தூக்குவது 10 கிலோ அன்று, 30 கிலோ. அது 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். முதல் சில வாரங்களுக்கு வெறும் கம்பியே போதும். அதுவும் கனமாயின், சிறிய டம்பெல்லில் தொடங்கலாம். இன்னும் இரண்டு, மூன்று முறை தூக்க இயலும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். 12 முறை பிசகின்றித் தூக்க முடிந்த பின்னரே எடையைச் சிறிது கூட்டலாம்.

மூச்சை அடக்க வேண்டாம்

மூச்சை அடக்கி முக்கும்போது மார்பினுள் அழுத்தம் மிகுந்து, இரத்த அழுத்தம் சில நொடிகளில் வெகுவாக உயர்கிறது. பின்னர் சட்டெனச் சரிந்து தலைசுற்றலைத் தரலாம். முதுகுத்தண்டை உறுதியாக நிறுத்தப் போட்டி வீரர்கள் இம்முறையைக் கையாள்கின்றனர். காணொளியில் கண்டு, இரத்த அழுத்தம் உள்ளவர் அதைப் பின்பற்றலாகாது. எடையை இறக்கும்போது மூச்சை உள்ளிழுத்து, உயர்த்தும்போது வெளிவிடுங்கள். தூக்கும்போது வாய்விட்டு எண்ணுவது நல்ல உத்தி. எண்ணும் குரல் நின்றால், மூச்சு அடங்கியதை உடனிருப்பவர் அறிந்து நினைவூட்டலாம்.

உடல் நிலை

• தரையிலிருந்து தூக்கும்போது கம்பி கால்களை ஒட்டியே வரட்டும். இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள், முதுகு வளையலாகாது.
• படுத்தபடி மார்புக்கு மேல் தூக்கும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியைத் தனியே செய்யாதீர்கள். கட்டைவிரல் கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியோர்

• இரத்த அழுத்தம் கட்டுப்படாதோர், இதய நோயாளர், நெஞ்செலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை பெற்றோர்.
• நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர்: முக்கித் தூக்கினால் கண்ணினுள் இரத்தம் கசியலாம்.
• குடலிறக்கம் உள்ளோர்.
• இன்சுலின் போடுவோர்: பயிற்சிக்குச் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும். முன்னும் பின்னும் அளவைப் பாருங்கள். குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும்.

இரண்டு, மூன்று நாள் நீடிக்கும் இலேசான தசைவலி இயல்பே. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், திடீர்க் கடுந்தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கம்பியை இறக்கிவிட்டு, தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். தொடங்க விரும்புவோர், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கூறுங்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற அளவை முடிவு செய்வோம்.