பணியிடத்தில் குழுமுறை வழிகாட்டல்

ஓர் அலுவலகத்தின் அறிவு இரு வகைப்படும். விதிகளிலும் சுற்றறிக்கைகளிலும் கோப்புகளிலும் எழுதப்பெற்றிருப்பது ஒன்று. பல்லாண்டுப் பணியால் ஊழியரிடம் படிந்திருப்பது மற்றொன்று. இயந்திரம் எவ்வகை ஓசை எழுப்பினால் உடனே நிறுத்த வேண்டும், செலவு மதிப்பீட்டில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1998-இல் 58-லிருந்து 60-ஆக உயர்த்தப்பட்டது. இதனால் இவ்வறிவின் இழப்பு ஈராண்டு தள்ளிப்போயிற்றேயன்றித் தவிர்க்கப்படவில்லை.

மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரைப் பழக்கும் முறை, அவ்விருவரின் இணக்கத்தைச் சார்ந்தது. ஒருவர் மாற்றலாகிச் சென்றால் அறுந்துவிடும். அனுபவமிக்க ஒருவரைச் சூழ ஐந்தாறு பேர் அமரும் குழுமுறையில் இக்குறை குறைகிறது. ஒருவர் கேட்கத் தயங்கும் ஐயத்தை மற்றொருவர் கேட்டுவிடுகிறார்.

இதற்கு நெருங்கிய முன்னோடி, தர வட்டம். ஜப்பானில் 1962-இல் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் உருப்பெற்ற இம்முறையை, இந்தியாவில் 1980-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலை மேற்கொண்டது. ஒரே வகைப் பணி செய்யும் சிலர் தாமாக முன்வந்து, குறித்த இடைவெளியில் கூடி, தம் பணியிடச் சிக்கலொன்றை ஆராய்கின்றனர். காரணங்களை மீன்முள் வடிவ வரைபடத்தில் குறிக்கும்போது, பலரின் தனித்தனி அனுபவம் ஒரே தாளில் சேர்கிறது. எனினும் தர வட்டத்தின் நோக்கம் சிக்கலைத் தீர்ப்பதே. கற்றல் அதன் உடன்விளைவு. குழு வழிகாட்டலிலோ கற்றலே நோக்கம்.

ஆகவே கூட்டத்திற்கு உண்மையான கோப்பொன்று வேண்டும். தணிக்கை ஆட்சேபணையுடன் திரும்பிய பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குறை எங்கே என்று இளையவர்கள் முதலில் கூற வேண்டும். மூத்தவர் இறுதியில் பேச வேண்டும். அவர் முதலில் தொடங்கினால் கூட்டம் சொற்பொழிவாகிவிடும். நம் அலுவலகங்களில் இது மிக எளிதாக நேர்வது!

வழிகாட்டியைத் தேர்வதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. குழுவினரின் ஆண்டுச் செயல்திறன் அறிக்கையை எழுதும் அதிகாரியே வழிகாட்டியாக அமைந்தால், எவரும் தம் அறியாமையை வெளிப்படுத்தார். வேறு பிரிவைச் சேர்ந்த மூத்தவரே ஏற்றவர். கூட்டம் அலுவல் நேரத்திலேயே நடைபெற வேண்டும்; மாலை ஐந்தரை மணிக்குமேல் அழைத்தால், பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

மத்திய அமைச்சரவை 2020-இல் ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கத்தின்கீழ், பாடங்களை இணையவழிக் கற்கும் வசதி ஏற்பட்டுள்ளது. விதிகளைப் பயில இது போதுமானது. விதி தெளிவாகப் பேசாத இடத்தில் முடிவெடுக்கும் முறையைக் குழுவிலேயே பழக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் இளையவர் ஒருவர் எழுதிவைத்தால், அடுத்து வரும் குழு அக்குறிப்பேட்டிலிருந்தே தொடங்க இயலும்.