லீவுக்கு ஒரு நத்தார் படம்: போட முன் கொஞ்சம் யோசியுங்கள்

டிசம்பர் லீவில் மழை பிடித்தால் ஓட்டமாவடியில் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. டீவிதான். நத்தார் நம் பெருநாள் இல்லாவிட்டாலும் நத்தார் படங்கள் வீட்டுக்குள் வந்து வெகுகாலம். வருவதில் பல, நேரத்தைத் தின்கிற படங்கள். 2021 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியான 'ஹோம் ஸ்வீட் ஹோம் அலோன்' அந்த வரிசையில் முதலாவது.

செய்யக்கூடாதவை

• பெயரை நம்பிப் படம் போடாதீர்கள். 'மெரி கிறிஸ்மஸ்' என்று 2024 ஜனவரியில் விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்து ஒரு படம் வந்தது. ஸ்ரீராம் ராகவன் ஹிந்தியிலும் தமிழிலும் எடுத்த நல்ல திரில்லர். ஆனால் நத்தார் இரவில் வீட்டுக்குள் பிணம் கிடக்கும் கதை. சின்னப் பிள்ளையை மடியில் வைத்துப் பார்க்க ஏற்றதல்ல.

• அடி வாங்குகிறவர் யார் என்று பாராமல் பிள்ளையைச் சிரிக்க வைக்காதீர்கள். 1990இல் வந்த முதல் 'ஹோம் அலோன்' படத்தில் ஹாரியும் மார்வும் சுத்தக் கள்ளர்கள். ஆளில்லா வீடுகளாகப் பார்த்துப் புகுவார்கள். போகும்போது மார்வ் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டுப் போவான். வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பழுக்கக் காய்ந்த கதவுப்பிடியை ஹாரி பிடிக்கும்போதும், மேலிருந்து இஸ்திரிப்பெட்டி மார்வின் முகத்தில் விழும்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

2021 படத்தில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் யார்? வேலை போன ஒரு தகப்பனும் ஆசிரியையான அவன் மனைவியும். கடன் கட்ட வழியில்லாமல் வீட்டையே விற்கும் நிலை. தங்களிடமிருந்த விலையுயர்ந்த பழைய பொம்மையை மாக்ஸ் என்ற பையன் எடுத்துவிட்டதாக நினைத்து அதை மீட்க வருகிறார்கள். அவர்களைத்தான் அவன் பொறி வைத்து வதைக்கிறான். பொம்மையை அவன் எடுக்கவில்லை என்பது கடைசியில்தான் தெரிகிறது. "வாப்பா, அவங்க பாவம்தானே?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? நகைச்சுவைப் படம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

• அலுத்து எழும்பிப் போகும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்காதீர்கள். குற்றம் படத்தில்.

செய்ய வேண்டியவை

• பழைய படத்தையே போடுங்கள். கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய அந்தப் படத்தில் பெரிய பொறிக் காட்சிகள் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. அதுவரை, வீட்டில் தனியே விடுபட்ட எட்டு வயதுக் கெவின் கடைக்குப் போகிறான், பயப்படுகிறான், பாரிஸுக்குப் போய்விட்ட உம்மாவைத் தேடுகிறான். பொறுமையாக எடுத்திருக்கிறார்கள்.

• மூத்தம்மாவையும் கூப்பிட்டு இருத்துங்கள். தேவாலயத்தில் பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி, மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைக் கெவினிடம் சொல்லும் இடம், பொறிகளைவிட நல்ல இடம். பேச்சு முறிந்த உறவுகள் நம்மிடையே குறைவா என்ன? அந்தத் தேவாலயக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடும் வாப்பாமார் இருக்கிறார்கள். தேவையில்லை. அங்கே ஏன் பாடுகிறார்கள் என்று பிள்ளை கேட்டால், மட்டக்களப்பில் நம்மோடு வாழும் கிறிஸ்தவர்களின் பெருநாள் என்று சொல்லிக் கொடுங்கள்.

• புதிதாகத்தான் வேண்டுமென்றால் நெட்பிளிக்ஸில் 'கிளாஸ்' (2019) இருக்கிறது. செர்ஜியோ பாப்லோஸ் இயக்கிய கார்ட்டூன். ஒரு வருடத்தில் 6000 கடிதம் சேர்க்கச் சொல்லி, பனி மூடிய தீவுக்கு ஒரு சோம்பேறித் தபால்காரனை அனுப்புகிறார்கள். அங்கே இரண்டு குடும்பங்களுக்கிடையே தலைமுறைப் பகை. பெரியவர்களும் கடைசிவரை இருந்து பார்ப்பார்கள்.

• எந்தப் படமானாலும் முதல் இருபது நிமிடத்தை நீங்கள் தனியே பார்த்துவிட்டுப் போடுங்கள். 'ஹோம் ஸ்வீட் ஹோம் அலோன்' படத்துக்கு அந்த இருபது நிமிடமும் வீண்.